பேட்டரி டிரில்: வாங்குவதற்கு முன்னும், சுவரில் வைப்பதற்கு முன்னும்

வீடு மாறியதும் துளை போடும் வேலைகள் வரிசையாக வந்து நிற்கும். திரைச்சீலைக் கம்பி, டிவி ஸ்டாண்ட், கண்ணாடி, குடிநீர் ஃபில்டர், பால்கனியில் துணிக்கொடி. நாலு துளைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று பலரும் சொந்தமாக ஒரு பேட்டரி டிரில் வாங்குகிறார்கள். முதல் வாரத்திலேயே ஏதோ ஓர் இடத்தில் பிட் (மெஷின் முனையில் மாட்டும் துளைக்கம்பி) கால் அங்குலம்கூட இறங்காமல் நின்றுவிடும். உடனே மெஷின் மட்டம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் மெஷினில் குறை இருக்காது. எந்தச் சுவருக்கு வாங்குகிறோம் என்று பார்க்காமல் வாங்கியிருப்பார்கள். ஆகவே சுவரிலிருந்து தொடங்குவோம்.

1. உங்கள் சுவர் எது?

வெளியே தெரியாத மூலையில், கட்டில் அல்லது பீரோவுக்குப் பின்னால், ஒரு சிறு துளை போட்டுத் தூளைப் பாருங்கள். மெஷின் இல்லையென்றால் பழைய ஆணித் துளையைச் சுரண்டினாலும் போதும். மேலே வருவது பூச்சின் தூள். அது பெரும்பாலான வீடுகளில் சாம்பல் நிறம்தான். அரை அங்குலத்துக்கு அப்பால் வரும் தூள்தான் உண்மையைச் சொல்லும்.

செந்தூள் வந்தால் செங்கல். மிருதுவாக இறங்கி வெள்ளை மாவாகக் கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த இலகுவான கல். புது அடுக்குமாடிகளில் இதுதான் அதிகம். சாம்பல் நிறத் தூள் வந்து, பிட்டும் சீராக இறங்கினால் நிலக்கரிச் சாம்பலில் செய்த ஃபிளை ஆஷ் கல். திடீரென்று எதிர்ப்பு விட்டுப்போய் பிட் உள்ளே பாய்ந்தால் உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக். சாம்பல் தூள் கொஞ்சமாக வந்து, பிட் சூடேறி, ஆழம் கூடவே இல்லையென்றால் அது கான்கிரீட்.

செங்கல் வீட்டிலும் கான்கிரீட் இருக்கும். மூலைகளில் தூண், கூரையை ஒட்டி பீம், கதவு ஜன்னல்களுக்கு நேர் மேலே லிண்டல். திரைச்சீலைக் கம்பிக்காரர்கள் எல்லாரும் முட்டி நிற்பது இந்த லிண்டலில்தான். ஜன்னல் திறப்பின் மேல் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 6 அங்குல உயரத்துக்கு அது ஓடும், இருபக்கமும் சுவருக்குள் அரை அடியாவது நீளும். பல வீடுகளில் சுற்றிலும் பெல்ட் போலப் போட்டிருப்பார்கள். கம்பியை 8, 9 அங்குலம் மேலே தூக்கி மாட்டினால் பெரும்பாலும் செங்கல் கிடைத்துவிடும். திரைச்சீலை தைக்கக் கொடுப்பதற்கு முன்பே இந்த உயரத்தை முடிவு செய்யுங்கள். பின்னால் செய்தால் துணி தரையை எட்டாது.

2. எந்த மெஷின்?

மரம், பிளைவுட், மாடுலர் ஃபர்னிச்சர் பூட்டுவது மட்டும்தான் வேலை என்றால் 12 வோல்ட் டிரில் டிரைவர் போதும். இலகுவானது, அலமாரிக்குள் நுழையும். செங்கல், ஃபிளை ஆஷ் சுவர்களும் உண்டென்றால் ஹேமர் வசதியுள்ள 18 வோல்ட் வாங்குங்கள். மாதம் ஒருமுறை கான்கிரீட்டில் துளை போடும் அவசியம் இருந்தால் இரண்டுமே வேண்டாம். எஸ்டிஎஸ் பிளஸ் ரோட்டரி ஹேமர்தான் தேவை. எப்போதோ இரண்டு துளைக்கு என்றால் அதை வாடகைக்கு எடுங்கள்.

இந்த வித்தியாசம் முக்கியம். சாதாரண டிரில்லின் ஹேமர் என்பது உள்ளே இரண்டு பல்தட்டுகள் உரசித் துள்ளுவது. நீங்கள் அழுத்தினால்தான் அது அடிக்கும். ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கிறது. கை சும்மா தாங்கினால் போதும். அதனால்தான் சாதாரண டிரில் பல நிமிடம் திணறும் கான்கிரீட்டில் அது சில நொடிகளில் இறங்கிவிடுகிறது. எஸ்டிஎஸ் பிட் சாதாரண சக்கில் (பிட்டைப் பிடிக்கும் வாய்) பொருந்தாது. இரண்டையும் கலந்து வாங்கிவிடாதீர்கள்.

வோல்ட் எண்ணில் ஏமாறாதீர்கள். ஒரு லித்தியம் செல் சராசரியாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்து செல் சேர்ந்தால் 18 வோல்ட். முழு சார்ஜில் 21. ஆக '18 வோல்ட்', '20 வோல்ட் மேக்ஸ்', '21 வோல்ட்' மூன்றும் ஒரே ரகம். '12 வோல்ட்' என்பது மூன்று செல், உண்மையில் 10.8. ஆன்லைனில் மூவாயிரம் ரூபாய்க்குள் '48 வோல்ட்', '88 விஎஃப்' என்று பெரிய எழுத்தில் போட்டு வரும் மெஷின்களின் கைப்பிடியைப் பாருங்கள். உண்மையான 48 வோல்ட்டுக்கு 13 செல் வேண்டும். அந்தச் சிறு பெட்டிக்குள் அது அடங்காது.

ஆம்பியர்-அவர் (ஏஎச்) பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் காட்டும். வீட்டுக்கு 2 ஏஎச் போதும், ஆனால் இரண்டு பேட்டரி வேண்டும். ஒற்றை 4 ஏஎச் பேட்டரியைவிட இரண்டு 2 ஏஎச் நல்லது. கை வலிக்காது, ஒன்று சார்ஜில் இருக்கும்போது வேலை நிற்காது, ஒன்று பழுதானாலும் மெஷின் முடங்காது.

சக் 18 வோல்ட்டில் 13 மி.மீ. ஆக இருக்கட்டும். டார்க் (திருகு விசை) சாதாரண வீட்டு வேலைக்கு 40 முதல் 55 நியூட்டன் மீட்டர் தாராளம். அதற்கு மேல் போனால் பிட் சிக்கும்போது மணிக்கட்டை முறுக்கிவிடும் அளவுக்கு இழுக்கும். பக்கக் கைப்பிடி இல்லாமல் பிடிக்கக் கூடாது. பிரஷ்லெஸ் மோட்டார் (உள்ளே கரி பிரஷ் உரசாதது) சூடு குறைவு, சார்ஜ் கூடுதலாகத் தாங்கும். தினமும் பயன்படுத்தினால் கொடுக்கும் காசுக்குத் தகும். மாதம் ஐந்து துளைக்கு பிரஷ் மோட்டாரே போதும்.

இன்னொன்று: பேட்டரி வாங்கும்போது ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறீர்கள். போஷ் நிறுவனத்தின் நீல நிற 18 வோல்ட் பேட்டரி அதே நிறுவனத்தின் பச்சை நிற மெஷினில் சேராது. மகிட்டாவின் ஜி சீரிஸ் பேட்டரி எல்எக்ஸ்டி மெஷினில் சேராது. பின்னால் கிரைண்டரோ ஜிக்சாவோ வாங்க நினைப்பவர்கள் இப்போதே அந்த வரிசையில் என்னென்ன மெஷின் கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. விலையும் காகிதங்களும்

பெயருள்ள நிறுவனங்களில், இரண்டு பேட்டரியும் சார்ஜரும் பெட்டியும் சேர்ந்து, 12 வோல்ட் செட் ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ரூபாய். ஹேமருள்ள 18 வோல்ட் செட் 8,000 முதல் 12,000. பிரஷ்லெஸ் அதற்கும் மேலே. 'சோலோ' அல்லது 'பேர் டூல்' என்று மலிவாகத் தெரிவது வெறும் மெஷின். பேட்டரியும் சார்ஜரும் தனியாக வாங்கினால் செட் விலையைத் தாண்டிவிடும். பிட், பிளக் (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்), பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசத்துக்கு இன்னொரு 1,000 ரூபாய் ஒதுக்குங்கள்.

சென்னை பாரிமுனை போன்ற ஹார்டுவேர் வட்டாரங்களில் நேரில் வாங்கினால் கையில் பிடித்துப் பார்க்கலாம். சக்கில் பிட் மாட்டி மெதுவாக ஓடவிட்டு, நுனி ஆடுகிறதா என்று பாருங்கள். வட்டம் போட்டு ஆடினால் வேறு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

வாங்க வேண்டிய காகிதங்கள்: ஜிஎஸ்டி எண் உள்ள பில், அதில் மாடலும் சீரியல் எண்ணும், கடை முத்திரையிட்ட வாரண்டி அட்டை. சீரியல் எண் இல்லாத பில்லை சர்வீஸ் சென்டரில் ஏற்க மறுப்பதுண்டு. வாரண்டி பெரும்பாலும் 6 மாதம் அல்லது ஒரு வருடம். வாங்கிய சில வாரங்களுக்குள் இணையத்தில் பதிந்தால் சில நிறுவனங்கள் நீட்டித்துத் தருகின்றன. பேட்டரிக்குத் தனிக் காலவரை இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள், வெப்பக் காகிதத்தில் அச்சடித்தது ஒரு கோடை தாண்டினால் வெளுத்துவிடும்.

வெளிநாட்டு உறவினர் மூலம் வரவழைப்பவர்களுக்கு: அமெரிக்க சார்ஜர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் அதோடு முடிந்தது. வளைகுடா, சிங்கப்பூர் சார்ஜர்களில் அந்தச் சிக்கல் இல்லை, பிளக் முனைக்கு அடாப்டர் போதும். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி.

வாடகை வீடென்றால் எத்தனை துளை, எங்கே என்று வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் எழுதிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் அந்தச் செய்தி பேசும். அடுக்குமாடியில் துளை போட அனுமதித்த நேரத்தைச் சங்கத்தில் கேளுங்கள்.

4. பிட், பிளக், ஸ்க்ரூ

சுவருக்கு நுனியில் கார்பைடு பதித்த மேசன்ரி பிட். மரத்துக்கு நடுவில் கூர்முனை உள்ள பிட். இரும்பு, அலுமினியத்துக்கு ஹெச்எஸ்எஸ் பிட். டைல்ஸுக்கு ஈட்டி முனை பிட். விட்ரிஃபைட் டைல்ஸுக்கு டைமண்ட் பிட். மேசன்ரி பிட்டால் மரத்தைக் குடைந்தால் புகைதான் வரும்.

பிளக்கும் பிட்டும் ஒரே அளவு: 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட், 4 முதல் 5 மி.மீ. ஸ்க்ரூ. 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட், 4.5 முதல் 6 மி.மீ. ஸ்க்ரூ. நல்ல நைலான் பிளக்கில் இந்த அளவு அட்டையிலேயே இருக்கும். சாதாரண பிவிசி பிளக் படம், கடிகாரத்துக்கு ஓகே. அலமாரிக்கும் டிவிக்கும் நைலான் வாங்குங்கள்.

ஆழத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 8 மி.மீ. பிளக்கின் நீளம் வழக்கமாக 40 மி.மீ. உள்பூச்சு சுமார் 12 மி.மீ. இருக்கும். பிளக்கைச் சுவர் மட்டத்தோடு நிறுத்தினால் அதன் முன்பகுதி பூச்சில்தான் பிடிக்கும். கனம் ஏறியதும் பூச்சோடு பெயர்ந்து வரும். 60 முதல் 65 மி.மீ. துளை போட்டு, பிளக்கை ஒரு ஆணியால் தட்டி உள்ளே தள்ளிக் கல்லில் உட்காரவையுங்கள். ஸ்க்ரூவையும் அதற்கேற்ப நீளமாக எடுங்கள்.

ஏஏசி சுவரில் சாதாரண பிளக் பிடிக்காது. நீளமான நைலான் பிளக் அல்லது ஏஏசிக்கென்றே வரும் ஆங்கர் வேண்டும். 25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ. அதையும், கூரையில் மாட்டும் ஊஞ்சல், சீலிங் ஃபேன் கொக்கியையும் புதிதாகப் பழகுபவர்கள் தொட வேண்டாம்.

5. உள்ளே என்ன ஓடுகிறது?

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

நம் வீடுகளில் வயர் பைப் கூரை கான்கிரீட்டுக்குள் வந்து, சுவரில் நேர் கீழாக சுவிட்ச் போர்டுக்கு இறங்கும். ஆகவே ஒவ்வொரு போர்டுக்கும் பிளக் பாயிண்ட்டுக்கும் நேர் மேலும் நேர் கீழும், இருபக்கமும் 15 செ.மீ. அகலத்துக்குத் துளை கூடாது. ஒரே உயரத்தில் இரண்டு போர்டு இருந்தால் அவற்றுக்கு இடைப்பட்ட கிடைக்கோட்டையும் தவிருங்கள். குளியலறை, சமையலறையில் குழாய், ஷவர், கீசர் பாயிண்ட்டுகளுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தண்ணீர் பைப் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பால்கனிக் கூரையில் துணிக்கொடி மாட்டுபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். கூரைக்குள் பைப் கோணல் மாணலாக, ஒரு ஃபேன் பெட்டியிலிருந்து இன்னொரு லைட் பெட்டிக்குக் குறுக்காகப் போகும். அந்த நேர்கோடுகளை விட்டு விலகி, துளையை 40 மி.மீ. ஆழத்துக்குள் நிறுத்துங்கள்.

பேட்டரி டிரில்லின் பெரிய நன்மை, மெயினை அணைத்துவிட்டே வேலை செய்யலாம் என்பது. அணையுங்கள். ஆனால் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்த நொடியில் இன்வெர்ட்டர் கரண்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். சுவருக்குள் இருக்கும் வயரில் மீண்டும் 230 வோல்ட் வந்துவிடும். கரண்ட் போய்விட்டது என்று நம்பித் துளைப்பது இந்த வீடுகளில்தான் ஆபத்து. முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள், பிறகு மெயின். துளை போடும் அறையில் எல்லா ஃபேன், லைட்டும் நின்றுவிட்டதைப் பார்த்து, பக்கத்துப் பிளக் பாயிண்ட்டில் டெஸ்டர் வைத்து உறுதி செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் வேலையை வைத்துக்கொண்டால் இருட்டும் தொல்லை இல்லை.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையில் டிரில் வைக்கவே வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

6. உடம்பைத் தயார் செய்தல்

தொங்கும் துப்பட்டா, லுங்கி, தளர்ந்த முழுக்கை, கழுத்துச் செயின், வளையல், மணிக்கட்டில் கட்டிய கயிறு எதுவும் சுழலும் பிட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கூந்தலை உயர்த்திக் கட்டுங்கள். துணிக் கையுறை வேண்டாம். நூல் சுற்றினால் விரலையும் இழுத்துச் செல்லும். கண்ணுக்குப் பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி; தலைக்கு மேல் துளைக்கும்போது இது இல்லாமல் கையே உயர்த்தாதீர்கள். சுவர்த் தூளில் சிலிகா உண்டு, என்95 முகக்கவசம் போடுங்கள். ஹேமர் சத்தத்துக்கு 20 ரூபாய் காதடைப்பான் போதும். நிற்பதற்கு ஏணி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்: நீங்கள் அழுத்தும்போது அது பின்னால் வழுக்கும்.

7. துளை போடுதல்

பேட்டரியைக் கழற்றிவிட்டு பிட்டை மாட்டுங்கள், ஒவ்வொரு முறையும். சக்கின் மூன்று தாடைகளும் சமமாகப் பிடிக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். பிட்டில் வேண்டிய ஆழத்தை அளந்து இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். சுவரில் பென்சிலால் கூட்டல் குறி போட்டு, நடுவில் ஆணியால் சின்னக் குழி தட்டுங்கள், பிட் நழுவாது.

செங்கல் சுவரில் முதல் சில நொடிகள் ஹேமர் இல்லாமல், மெதுவாக. பூச்சைத் தாண்டியதும் ஹேமர் குறிக்கு மாற்றி, வேகமான 2 ஆம் கியரில், சுவருக்குச் செங்குத்தாக அழுத்துங்கள். 10, 15 நொடிக்கு ஒருமுறை பிட்டைச் சுழலவிட்டே வெளியே இழுத்துத் தூளை அகற்றுங்கள். தூள் அடைத்தால் பிட் சூடேறி நுனி கழன்றுவிடும். டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்தி, துளையைப் பழைய காற்றுப் பம்பால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதினால் கண்ணில்தான் விழும்.

ஏஏசி, ஹாலோ பிளாக் இரண்டிலும் ஹேமர் வேண்டவே வேண்டாம். அடி விழுந்தால் துளை வாய் அகன்று, பிளக் ஆடும்.

டைல்ஸில் ஹேமரைத் தொட்டால் டைல் விரிசல் விடும். மாஸ்கிங் டேப் குறுக்காக ஒட்டி, அதன்மேல் குறியிட்டு, 1 ஆம் கியரில் மிக மெதுவாக ஈட்டி பிட்டை வையுங்கள். விளிம்பிலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே தள்ளியிருக்கட்டும். டைல் முழுதாகத் தாண்டிய பிறகே மேசன்ரி பிட்டுக்கு மாறி ஹேமர் போடலாம். டைமண்ட் பிட்டானால் நுனி நனைந்தே இருக்க வேண்டும். ஸ்ப்ரே பாட்டிலால் இன்னொருவர் தெளிக்கட்டும், மெஷினுக்குள் நீர் போகாதபடி.

மரத்தில் பின்பக்கம் ஒரு வேண்டாத பலகையை அழுத்தி வைத்தால் சிம்பு பெயராது. உலோகத்தை கிளாம்பில் இறுக்கி, மெதுவான வேகத்தில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துளையுங்கள். கையில் பிடித்த தகடு பிட்டோடு சேர்ந்து சுழன்றால் உள்ளங்கையைக் கிழிக்கும்.

ஸ்க்ரூ இறுக்க கிளட்ச் வளையத்தை (சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம்) 5 இல் தொடங்கி, போதவில்லையென்றால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். பிளக்கில் இறுக்கும்போது கடைசி இரண்டு சுற்றைக் கை ஸ்க்ரூடிரைவரால் முடியுங்கள். மெஷினால் முடித்தால் பிளக்கே உள்ளே சுழன்று துளை வீணாகும்.

8. நின்றுபோனால்

துளை போகவில்லையென்றால் முதலில் திசை மாற்றும் பொத்தானைப் பாருங்கள். பின்னோக்கிச் சுழன்றால் தூளே வராது; புதியவர்களின் புகாரில் பாதி இதுதான்.

திசை சரியாக இருந்தும் கான்கிரீட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் போய் சட்டென்று நின்றால், உலோகத்தில் உரசும் சத்தம் கேட்டால், பிட்டில் பளபளக்கும் துகள் ஒட்டியிருந்தால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள். தூண்களில் கம்பிக்கு வெளியே 40 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்வது. வீட்டுத் தூண்களில் எப்போதும் அப்படி இருப்பதில்லை. கம்பியை அறுத்து முன்னேறாதீர்கள். இரண்டு அங்குலம் நகர்ந்து புதுத் துளை போட்டு, பழையதை சிமென்ட் கலவையால் அடையுங்கள்.

பிட் சிக்கிக்கொண்டால் ட்ரிகரை விடுங்கள். திசையை மாற்றி மெதுவாகச் சுழற்றினால் வெளியே வரும். அசையவே இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி, சக்கைத் தளர்த்தி, பிட்டை மட்டும் பிளையரால் திருப்பி எடுங்கள். எரியும் வாசம் வந்தால் மெஷினைச் சுமையில்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஆறவிடுங்கள்.

9. பேட்டரி

2 ஏஎச் பேட்டரி, உடன் வரும் சாதாரண சார்ஜரில் சுமார் ஒரு மணி நேரத்தில் நிரம்பும். வேலை முடிந்த சூட்டோடு செருகாதீர்கள். அரை மணி ஆறட்டும். பல சார்ஜர்கள் சூடான பேட்டரியை ஏற்காமல் விளக்கை மின்னவிடும், அதைப் பழுது என்று எண்ணி சர்வீஸுக்கு ஓட வேண்டாம். மெத்தை, சோபா மேல் வைத்து சார்ஜ் செய்வதும், இரவு முழுக்க விட்டுத் தூங்குவதும் கூடாது. சித்திரை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியிலும் பைக் பெட்டியிலும் பேட்டரி இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லையென்றால் பாதி சார்ஜில் கழற்றித் தனியே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆணியும் ஸ்க்ரூவும் கிடக்கும் பையில் மூடியில்லாமல் போட்டால் முனைகள் உரசி ஷார்ட் ஆகும்.

விமானத்தில் கொண்டுபோவதானால் மெஷின் செக்-இன் பெட்டியில், கழற்றிய பேட்டரி கைப்பையில், முனையில் டேப் ஒட்டி. 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. வோல்ட்டையும் ஏஎச்சையும் பெருக்கினால் அந்தக் கணக்கு வரும்: 18 வோல்ட், 2 ஏஎச் என்றால் 36, 5 ஏஎச் என்றால் 90.

உப்பிய, தண்ணீரில் விழுந்த, வெடிப்பு விட்ட பேட்டரியை சார்ஜ் செய்து பார்க்காதீர்கள். வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு.